ஆறு இருக்கை தள்ளி

பஸ் கிளம்பும் முன்பே அவனுடைய பிடரி வியர்த்திருப்பது ஜெயசீலிக்குத் தெரிந்தது. திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில் காலை பத்தே முக்காலுக்கு நிற்கிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் எல்லாருக்கும்தான் பிடரி வியர்க்கும், இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே அங்கேயேதான் பார்த்துக்கொண்டும் இருந்தாள். வலப்பக்க வரிசை, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை, ஜன்னலோரம், நீலக் கட்டம் போட்ட சட்டை. இளவழகன், வயது இருபத்தொன்று. இடப்பக்க வரிசையில் பின்வாசலை ஒட்டி, அவனிடமிருந்து ஆறு இருக்கை தள்ளி, அவள். இந்த ஆறு இருக்கையைப் பேசி முடிவு செய்ய இரண்டு வாரம் ஆயிற்று. ஸ்ரீரங்கம் போய்ச் சேரும் வரை, சுமார் முக்கால் மணி நேரம், அவன் திரும்பி அவளைப் பார்க்கக் கூடாது, அவள் எழுந்து அவனிடம் போகக் கூடாது, என்ன நடந்தாலும். என்ன நடந்தாலும் என்று சொன்னது அவன்தான். அவள் சொல்லியிருந்தால் ரொம்ப முடியாமல் போனால் தவிர என்று ஒரு வால் சேர்த்திருப்பாள், இருபத்திரண்டு வருஷமாக உளவியல் சிகிச்சை செய்கிறவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வால் சேர்க்கிற பழக்கம் வந்துவிடுகிறது. அவன் சேர்க்கவில்லை. மனசில் நினைப்பதெல்லாம் வெளியே கேட்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டே தெரியாத மாதிரி நடிக்கிறார்கள் என்று நம்புகிற பையன், அறுபது பேர் இருக்கிற பஸ்ஸில் தனியாக ஏறி உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தை மனசுக்குள் எவ்வளவு சத்தமாக நினைக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக மூன்று தடவை நினைப்பேன், யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணுவேன் என்று ஒப்புக்கொண்டிருந்தான். எத்தனை பேர் திரும்புவார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பாதிப் பேராவது என்றான். கேட்கிறது என்பதை எவ்வளவு நம்புகிறீர்கள், நூற்றுக்கு எத்தனை? தொண்ணூறு. சாம்பல் நிற பால்பாயிண்ட் பேனாவால் அவனே எழுதினான். எழுதிய தாள் இப்போது அவள் கைப்பைக்குள், மடித்து, அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே.

எந்த வாக்கியம் என்பதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. யாராக இருந்தாலும் காதில் விழுந்தால் திரும்பித்தான் ஆக வேண்டும், அப்படி ஒரு வாக்கியம். பஸ் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டதற்கு அவன் முகம் சுருங்கிப் போயிற்று. "வேண்டாம் மேடம். வயசானவங்க இருப்பாங்க. பயந்துருவாங்க." அவன் நம்புவது எவ்வளவு உண்மையாக அவனுக்கு இருக்கிறது என்பதும், அத்தனை பயத்துக்கு நடுவிலும் முன்பின் தெரியாத கிழவிகளுக்காக அவன் கவலைப்படுகிறான் என்பதும் ஒரே மூச்சில் வந்து விழுந்த வாக்கியம் அது. கடைசியில் அவனே கண்டுபிடித்தான்: கண்டக்டர் தலையில் இருப்பது விக்கு. யாருக்கும் கெடுதல் இல்லை, ஆனால் ஒருத்தராவது சிரிப்பார்கள், கண்டக்டராவது முறைப்பார். இருவரும் சிரித்தார்கள். பத்து மாதத்தில் அவன் அவள் அறையில் சத்தம் வரச் சிரித்தது அது இரண்டாவது தடவை. பஸ் உறுமி நகர்ந்தது. கண்டக்டர் முன்வாசல் வழியாக ஏறினார், விசிலை வாயில் வைத்தபடி, கையில் டிக்கெட் மெஷினோடு, திரும்பினார். வழுக்கை. ஒரு முடி கிடையாது, காலை வெயிலில் எண்ணெய் தடவின மாதிரி மின்னுகிற முழு வழுக்கை. ஜெயசீலி உள்ளுக்குள் அடப்பாவி என்றாள். இரண்டு வார உழைப்பு, பத்து மணிக் கூட்டங்கள், அழித்து அழித்து எழுதிய திட்டம், எல்லாவற்றிலும் கண்டக்டருக்குத் தலைமுடி இருக்கும் என்று நினைத்துக்கொண்டது அவள் தப்பு, ஆஸ்பத்திரியில் அவளுடைய அணியில் ஐந்து பேர் அந்தத் திட்டத்தைப் படித்தார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்னால் நீலக் கட்டச் சட்டையின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறானா, அழுகிறானா? பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இத்தனை வருஷம் முகங்களைப் பார்த்தே பிழைத்தவளுக்கு, ஒரு முதுகை வாசிக்கத் தெரியவில்லை.

முதல் நாள் அவன் தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான், காது இரண்டும் உள்ளே போகிற மாதிரி இறுக்கமாக. அம்மா தமிழரசி ஒரு பக்கம், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை செய்கிற அப்பா ஒரு பக்கம், நடுவில் அவன், தரையைப் பார்த்தபடி. நாற்பது நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அழுதுகொண்டே, "எப்படிப் பேசுற புள்ள மேடம், வாயத் தொறந்தா மூடமாட்டான்" என்றார். ஜெயசீலி பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவனிடம், உங்களுக்குப் பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். அப்போதுதான் அவன் முதன்முதலாக வாய் திறந்தான். "அதான் கேக்குதே. அப்புறம் எதுக்குப் பேசணும்?" அவள், "எனக்குக் கேக்கலைங்க. கேட்டா எனக்கு எவ்வளவோ வேலை மிச்சம்" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் நம்பிக்கை எதுவும் இல்லை, ஆனால் ஒரு ஆர்வம் இருந்தது, இவள் பொய் சொல்கிறாளா என்று பார்க்கிற ஆர்வம், அது போதும், அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய பிரிவுக்கு வருகிற பிள்ளைகள் பதினாறு வயதானாலும் வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும் என்பது அவள் போட்ட விதி. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். ஐந்து வாரம். பாலிடெக்னிக் விடுதியில் அவன் சாப்பிட வராமல் அறைக்குள் அடைந்துகொண்டதிலிருந்து அவள் அறைக்கு வந்து சேர ஐந்தே வாரம். விடுதிக் காப்பாளர் ஒருவர், மனநோயின் ஆரம்ப அடையாளங்கள் பற்றி அவளுடைய அணி நடத்திய அரைநாள் வகுப்பில் போன வருஷம் உட்கார்ந்திருந்தவர், பையன் திமிர் பிடித்து அலைகிறான் என்று நினைக்காமல் வீட்டுக்குப் போன் பண்ணினார். எட்டு வருஷத்துக்கு முன்னால் பிரிவு ஆரம்பித்தபோது வந்தவர்கள் எல்லாம் நாலு வருஷம், ஆறு வருஷம் கழித்து வந்தார்கள், கோயில், தர்கா, ஜெபக்கூட்டம், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று கல்யாணம், எல்லாம் முடிந்து, படிப்பு போய், நண்பர்கள் போய், பேச்சே போய். இவன் ஐந்து வாரத்தில் வந்தான். அந்த எண்ணை நினைக்கும்போதெல்லாம் அவள் முதுகு தானாக நிமிர்கிறது, இப்போதும் நிமிர்ந்தது, பக்கத்தில் இருந்த பெண் தூக்கக் கலக்கத்தில் நகர்ந்து இடம் விட்டாள்.

பாலக்கரை. ஏறினார்கள், இறங்கினார்கள். அவன் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார். அவன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான், அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்ப் பெரியவருக்கும் அவனுக்கும் நடுவில் தன் கையை வைக்க வேண்டும் போல இருந்தது. இதனால்தான் ஃபர்ஹானா அப்படிச் சொன்னாள். ஃபர்ஹானா அவளுடைய அணியில் இளையவள், சேர்ந்து இரண்டு வருஷம், பேசும்போது பேனா மூடியைக் கடிக்கிற பெண். முதலில் எழுதிய திட்டத்தில் ஜெயசீலி அவன் பக்கத்திலேயே உட்காருவதாக இருந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்தில், எல்லாரும் தலையாட்டிய பிறகு, ஃபர்ஹானா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மேடம், நீங்க பக்கத்துல உட்கார்ந்தா அவருக்கு ஒண்ணும் ஆகாதுதான். ஆனா ஒண்ணும் ஆகாததுக்குக் காரணம் மேடம் இருந்தாங்கன்னுதானே நினைப்பார்? அப்ப எதுக்கு அந்தப் பஸ்ஸு?" என்றாள். ஜெயசீலிக்கு முதலில் காது சூடானது, பொய் சொல்வானேன். இந்தப் பிரிவைக் கட்டி எழுப்பியவள் நான், இவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் நான், இவளா எனக்குச் சொல்வது. அந்தச் சூடு ஒரு நிமிஷம் இருந்தது, அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது, பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அவனுடைய தேவை இல்லை, தன்னுடைய தேவை. "ஃபர்ஹானா சொல்றதுதான் சரி. எத்தனை சீட்டு தள்ளி உட்காரணும்னு அவர்கிட்டயே கேப்போம்" என்றாள். பின்வரிசையில் டாக்டர் கேசவமூர்த்தி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இதே கேசவமூர்த்திதான், மனநலப் பிரிவின் தலைமை மருத்துவர், அவளுக்கு ஒதுக்கிய பழைய எக்ஸ்ரே அறையின் வாசலில் நின்று, "மாத்திரை வேலை செய்யுது ஜெயசீலி. அதுக்கு மேல அவங்ககிட்ட என்ன பேசப்போறீங்க?" என்று கேட்டார், கெட்ட எண்ணத்தில் இல்லை, நிஜமாகவே தெரியாமல். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் ஈயத் தகடு. மாத்திரை பயத்தைக் குறைக்குது சார், ஆனா அவங்க மறுபடியும் பஸ் ஏறணும், காலேஜ் போகணும், யாரையாவது காதலிக்கணும், அதை யார் கூட இருந்து பார்க்கிறது என்று அவள் கேட்டாள். இப்போது மருந்தின் அளவை மாற்றும் முன்னால் அவர் போன் பண்ணுகிறார், "உங்க டீம் என்ன நினைக்குது?" உங்க டீம். அந்த ஈய அறையிலிருந்து இந்த இரண்டு வார்த்தைக்கு வந்து சேர எட்டு வருஷம். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி எல்லார் முன்னாலும் தலைவியைத் திருத்துகிற ஒரு கூட்டம், அதில் யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் அடுத்த விஷயத்துக்குப் போகிறார்கள். இதை நான் செய்தேன். இதை நான்தான் செய்தேன்.

மரக்கடைத் திருப்பத்தில் பஸ் சாய்ந்தது, கம்பியைப் பிடித்தாள். இப்போது நினைத்துக்கொண்டிருப்பானா? பாலக்கரைக்கு அப்புறம் ஆரம்பிப்பதாகப் பேச்சு. விக்கு போய்விட்டது, அப்படியானால் எதை நினைப்பான்? ஒன்றும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தால்? சும்மா இருந்து பார்ப்போம் என்று அவளும் கண்ணை மூடாமல், உதடு அசையாமல், மனசுக்குள் கத்திப் பார்த்தாள்: கண்டக்டரே, உங்க தலையில ஒரு ஈ உட்கார்ந்திருக்கு. யாரும் திரும்பவில்லை. திரும்ப மாட்டார்கள் என்று தெரியும், தெரிந்தும் ஒரு நொடி, அந்தக் கண்டக்டர் தற்செயலாகக் கையைத் தலைக்குக் கொண்டு போனபோது, அவர் காதில் விழுந்துவிட்டது என்றே அவள் நம்பினாள். அவ்வளவு மெல்லிய சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நிஜமாகவே கேட்டால் என்ன ஆகும்? என்னவெல்லாம் கேட்கும்? மாமியார் செத்த அன்றைக்கு, அழுதுகொண்டே, இனி அந்த முன்னறையில் என் மேஜையைப் போடலாம் என்று நினைத்தது கேட்கும். மகன் பிளஸ் டூவில் மார்க் குறைந்தபோது நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான் முதலில் நினைத்தது கேட்கும். இதோ இப்போது எவ்வளவு பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது பஸ் முழுக்கக் கேட்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பாரு இவளை என்பார்கள். அவன் பத்து மாதம் அப்படித்தான் வாழ்ந்தான், மனசில் ஒரு மூலை கூட அவனுக்குச் சொந்தமில்லாமல். குளிக்கும்போது கூட அசிங்கமாக எதுவும் நினைத்துவிடக் கூடாது என்று பதினேழாம் வாய்ப்பாடு சொல்வானாம். துண்டு எதற்கு என்று இரண்டாவது மாதத்தில்தான் சொன்னான். வெளியே சத்தம் உள்ளே வராமல் இருக்க இல்லை. உள்ளே இருப்பது வெளியே போகாமல் இருக்க.

பெருமை. அந்த வார்த்தை வந்தாலே செம்மலர் வருகிறாள், வேண்டாம் என்றாலும் வருகிறாள். பிரிவு ஆரம்பித்த இரண்டாவது வருஷம், நர்சிங் படித்துக்கொண்டிருந்த பெண், சுருட்டை முடி, ஆறே மாதத்தில் நன்றாக ஆகிவிட்டாள், அல்லது நன்றாக ஆகிவிட்டாள் என்று ஜெயசீலி முடிவு கட்டிவிட்டாள். சென்னையில் ஒரு கருத்தரங்கு. பெயர் சொல்லாமல் அவள் கதையைச் சொன்னாள், அரங்கம் கைதட்டியது, ஒரு பேராசிரியை வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். ரயிலில் திரும்பும்போது அந்தக் கைதட்டலை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டு வந்தாள், ஸ்ரீரங்கம் தாண்டும்போது போன். செம்மலர் மத்தியானம் வீட்டிலிருந்து செருப்பில்லாமல் போனவள், காணோம். மூன்று நாள் கழித்துத் திண்டுக்கல் ஜங்ஷனில் கிடைத்தாள், உயிரோடு, கால் முழுக்கப் புண். அவளுடைய அப்பா, "பொண்ணு நல்லாயிட்டான்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்றார், கோபமாகக் கூட இல்லை. குடும்பம் ஊரை விட்டே போயிற்று. எங்கே இருக்கிறாள் என்று இன்று வரை தெரியாது. அதற்கப்புறம் ஆறு வருஷம் ஜெயசீலி எந்த மேடையிலும் யார் கதையையும் சொல்லவில்லை. நோய் திரும்ப வரும் என்பதற்கான அடையாளங்களைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிச் சுவரில் ஒட்டுகிற வழக்கம் அதிலிருந்து வந்தது, நன்றாக இருக்கிற மாதத்திலும் போன் பண்ணுகிற வழக்கம் அதிலிருந்து வந்தது, இன்று நூற்றுப்பத்து வீட்டுச் சுவர்களில் அந்தத் தாள் இருக்கிறது. ஆனால் பெருமை மட்டும் அன்றைக்குப் பின் அவளுக்கு ஒரு கெட்ட சகுனம் போல ஆகிவிட்டது. வந்தால் உடனே கையை உதறிக்கொள்வாள். ஐந்து வாரம் என்று நினைத்தால் அடுத்து செம்மலரின் கால். உங்க டீம் என்று கேட்டால் அடுத்து செம்மலரின் கால். இதோ இப்போதும், நான்தான் செய்தேன் என்று நினைத்து முழுசாக இரண்டு ஸ்டாப் கூட ஆகவில்லை.

சத்திரம் ஸ்டாப்பில் கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறியது. பூக்கூடை, கல்லூரிப் பைகள், ஸ்ரீரங்கம் போகிற வெளியூர்க் குடும்பம் ஒன்று மொத்தமாக. நடுவில் நின்றவர்கள் அவனை மறைத்துவிட்டார்கள். கழுத்தை நீட்டினாள், இடுக்கு வழியாகப் பார்த்தாள், யாரோ ஒருத்தருடைய அக்குள், ஒரு டிபன் கேரியர், நீலம் எங்கும் இல்லை. இறங்கியிருப்பானோ? சத்திரத்தில் முன்வாசல் வழியாக இறங்கியிருந்தால் எனக்குத் தெரியாது. போன் பண்ணலாமா? பண்ணக் கூடாது. செருப்புப் போட்டிருந்தானா? போட்டிருந்தான், காலையில் பார்த்தேன், பழுப்பு நிற வார். ஏன் செருப்பைப் பார்த்தேன்? எப்போதும் பார்க்கிறேன், யார் வந்தாலும் முதலில் காலைத்தான் பார்க்கிறேன். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. நுங்கும் நுரையுமாகத் தண்ணீர், கரை தொட்டு ஓடியது, நின்றிருந்தவர்கள் எல்லாம் அதைப் பார்க்க ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள், அந்த இடைவெளியில் நீலக் கட்டம் தெரிந்தது, இருக்கிறான், அவளுக்குப் போன மூச்சு வந்தது, வந்த மூச்சு அப்படியே நின்றது. அவனுக்கு முன்வரிசையில், இடப்பக்கம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், மடியில் மஞ்சள் பை, உடம்பையே திருப்பிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தற்செயலான பார்வை இல்லை. வைத்த கண் வாங்காமல். அவன் தலை குனிந்தது. அவள் விடவில்லை. பாலத்தின் நடுவில் முன்னால் ஏதோ லாரி நின்றுவிட்டதாம், டிரைவர் எஞ்சினை அணைத்தார், பஸ் முழுக்கத் திடீரென்று அமைதி. அவன் கை மெதுவாக மேலே போயிற்று, காதுக்கு. போச்சு. எல்லாம் போச்சு. பாதிப் பேர் வேண்டாம், ஒருத்தி போதும், இந்த ஒருத்தி அவனுடைய தொண்ணூறை நூறாக்கிவிடுவாள். ஜெயசீலி கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டாள், ஒரு கால் நடைபாதையில், எழுந்து இரண்டு பேரைத் தள்ளினால் போய்ச் சேர்ந்துவிடலாம், தம்பி வாங்க என்று கையைப் பிடித்து இறக்கிப் பாலத்திலேயே நடந்து போய்விடலாம். அந்தக் காலை அவள் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டாள். எப்படி இழுத்துக்கொண்டாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. என்ன நடந்தாலும் என்று அவன் சொன்னான், அவன் வால் சேர்க்கவில்லை. முன்இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அவன் நிமிர்ந்தான். எஞ்சின் ஓடாததால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க்கா, எதுக்கு என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

குரல் நடுங்கியது. ஆனால் கேட்டுவிட்டான். மனசுக்குள் இல்லை, வாயால், நாலு பேர் காதில் விழ.

"ஐயோ, தப்பா எடுத்துக்காத தம்பி" என்றாள் அந்த அம்மாள். "எங்க அக்கா மவன் ஒருத்தன் குவைத்துல இருக்கான். அச்சு அசலா அவன் மாதிரியே இருக்க. சொல்லாம கொள்ளாம வந்துட்டானோன்னு ரொம்ப நேரமா பாக்குறேன்."

"நான் பொன்மலைங்க."

"அதான, இப்பத்தான் தெரியுது. காது வேற. அவனுக்குக் காது இம்மாம் பெருசு."

யாரோ சிரித்தார்கள். அவன் பக்கத்தில் இருந்த பெரியவரும் சிரித்தார். இளவழகன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், மறைக்க இல்லை, அளக்கிற மாதிரி. பிறகு அந்த அம்மாள் குவைத்தில் அந்தப் பையனுக்கு என்ன வேலை, அங்கே வெயில் எப்படி என்று சொல்ல ஆரம்பித்தாள், அவன் கேட்டுக்கொண்டிருந்தான், நடுவில் ஏதோ ஒரு கேள்வி கூடக் கேட்டான். லாரி நகர்ந்தது, எஞ்சின் உறுமியது, அதற்கு மேல் ஒன்றும் ஜெயசீலிக்குக் கேட்கவில்லை. கம்பியிலிருந்து விரல்களைப் பிரித்தாள், உள்ளங்கை முழுக்கத் துருவின் கறை. இந்த ஒரு கேள்வியை அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எண்ணுங்கள் என்றுதான் சொன்னாள், கேளுங்கள் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை, ஃபர்ஹானா சொல்லவில்லை, கேசவமூர்த்தி சொல்லவில்லை. பயம் கழுத்தை நெரிக்கிறபோது, ஒருத்தி நிஜமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறபோது, அவனாகவே போய்க் கேட்டான். மாம்பழச்சாலையில் அந்த அம்மாள் இறங்கினாள், இறங்கும்போது அவன் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி, கோபுரம் தெரிகிற இடத்தில் ஒரு பழச்சாறுக் கடை நிழலில் நின்றார்கள். இருவருக்கும் சாத்துக்குடி ஜூஸ் சொன்னாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் படாத பாடு பட்டாள்.

"எத்தனை பேர் திரும்புனாங்க?"

"ஒருத்தங்க. அவங்களும் காதைப் பாக்கத்தான்."

"இப்ப நூத்துக்கு எத்தனை?"

அவன் நிறைய யோசித்தான். "அறுபது."

அவள் முப்பதை எதிர்பார்த்திருந்தாள், ஒரு கணம் இருபதைக் கூட. அறுபது அவள் நெஞ்சில் இறங்க ஒரு மிடறு ஜூஸ் ஆயிற்று. இறங்கியதும் தெரிந்தது, அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்திருந்தால் பத்து என்று சொல்லியிருப்பான். இது அவனே எடைபோட்டுப் பார்த்துச் சொன்ன அறுபது. செம்மலர் எப்போதும் மேடம் கேட்க ஆசைப்படுவதைத்தான் சொல்வாள்.

"கண்டக்டர் வழுக்கை மேடம்!" என்றான் திடீரென்று. "என்னால சிரிப்பை அடக்கவே முடியல. அப்புறம் வேற ஒண்ணு நினைச்சேன். மூணு தடவை, பயங்கர சத்தமா."

"என்னது?"

அவன் ஸ்ட்ராவை உறிஞ்சினான். தெருவைப் பார்த்தான். முகத்தில் மெல்ல ஒன்று வந்தது, பத்து மாதத்தில் அவள் பார்க்காத ஒன்று, ஒரு கள்ளத்தனம், இருபத்தொரு வயதுப் பையனுக்கு இருக்க வேண்டிய சுத்தமான கள்ளத்தனம்.

"சொல்ல மாட்டேன்."

அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். கண்ணாடிக் கூடு, தாள், சாவி, கைக்குட்டை, சாவி, தாள். நிமிர்ந்தபோது அவன் டம்ளரை வைத்துவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? திரும்பிப் போறப்ப நீங்க வர வேண்டாம். நான் தனியாப் போறேன்."

திட்டத்தில் இல்லை. திரும்பும்போது மூன்று இருக்கை தள்ளி என்றுதான் எழுதியிருந்தது. மத்தியானம், தனியாக, ஒரு பஸ். ரயிலில் வந்த அந்தப் போன் மறுபடி அவள் காதுக்குள் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், தூக்கம், சாப்பாடு, மாத்திரை, சுவரில் ஒட்டிய தாளில் இருக்கிற ஏழு அடையாளம், ஒவ்வொன்றாக மனசில் தொட்டுப் பார்த்தாள். எதுவும் இல்லை. இருந்தது பயம் மட்டும், அதுவும் பாதி அவளுடையது.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நேத்தே கேட்டுட்டேன். மேடம் சரின்னா சரின்னாங்க. இறங்குனதும் போன் பண்றேன், அம்மாவுக்கும் உங்களுக்கும்."

"நடுவுல அறுபது தொண்ணூறா ஆச்சுன்னா?"

"யாராவது பாத்தா கேப்பேன். யாரும் பாக்கலைன்னா ஜன்னல் வழியா காவேரியப் பாப்பேன்."

"சரி, போங்க" என்றாள். வால் சேர்க்கவில்லை.

ஒன்றாம் நம்பர் தயாராக நின்றது. அவன் ஏறினான், இந்தத் தடவை டிரைவருக்குப் பின்னால் போகவில்லை, கூட்டத்துக்கு நடுவே எங்கோ உட்கார்ந்தான், எந்த இருக்கை என்று கூட அவளால் பார்க்க முடியவில்லை. பஸ் திரும்பி வளைந்து போயிற்று. போனில் ஃபர்ஹானா மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள், திரும்பக் கூப்பிட்டபோது ஒரே மணியில் எடுத்து, "மேடம், என்ன ஆச்சு?" என்றாள், பேனா மூடி வாயில் இருப்பது குரலில் தெரிந்தது. "வந்து சொல்றேன். எல்லாரையும் இருக்கச் சொல்லு, கேசவமூர்த்தி சாரையும்" என்றாள் ஜெயசீலி. "நீ சொன்னதுதான் சரி." அடுத்த பஸ் எப்போது என்று நேரம் குறிக்கிறவரிடம் கேட்டாள். எட்டு நிமிஷம் ஆகும்மா, நிழல்ல நில்லுங்க என்றார் அவர். அவள் வெயிலிலேயே நின்றாள், முதுகு நிமிர்ந்து, அந்த எட்டு நிமிஷமும் முழுசாக, கையை உதறாமல் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றாள்.